கொட்டலசும் கீழ்வீட்டுப் பாரிஸ் கடிகாரமும்

23 மார்ச், திங்கள்

எட்டு மணிக்கே வெயில் ஆளைத் தின்கிறது. பெருநாள் பலகாரம் இன்னும் அரை டப்பா பாக்கி. தீர்த்து வைக்கும் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது.

மின்னஞ்சல் வந்துவிட்டது! நேர்முகத் தேர்வு அடுத்த திங்கள், பாரிஸ் நேரம் காலை பத்து மணி. வீடியோவில். மூன்று பேர் கேள்வி கேட்பார்களாம். இருபது நிமிடம்.

பெண் விஞ்ஞானிகளுக்கென்றே தரும் அவார்டு. பிஎச்டி முடித்தவள் வெளிநாட்டு ஆய்வகத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்யலாம். பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. எனக்கு ஜூலையோடு ஆறு முடிகிறது. போன வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் கடைசி வண்டி. இதையும் விட்டால் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகவே தலை நரைக்க வேண்டியதுதான்.

ஃபாரூக்கிடம் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து தலையே தூக்கவில்லை. "மொதல்ல கெடைக்கட்டும்." போன வருடமும் இதே இரண்டு வார்த்தை. கிடைக்கட்டும் என்கிறாரா, கிடைக்காமல் போகட்டும் என்கிறாரா? பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் எனக்குப் பிடிபடவில்லை.

செய்ய வேண்டியவை:
– ஸ்லைடு ஐந்துதான் அனுமதி. (இருப்பது பதினான்கு.)
– பேராசிரியை சிபாரிசுக் கடிதம் ஏற்றினாரா? கேள்.
– நல்ல சல்வார் இஸ்திரி.
– ரிசுவுக்கு ரப்பர் பேண்டு. ஒரு வாரமாகக் கேட்கிறாள் பாவம்.
– பயப்படாதே.

25 மார்ச், புதன்

காலாப்பட்டு பல்கலைக்கழகம் போய் வந்தேன். போகும்போது பஸ்ஸில் நின்றபடியே. பேராசிரியை கடிதம் ஏற்றிவிட்டார், அப்பாடா. எதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்.

"உங்க வேலையில ரெண்டு வருஷம் இடைவெளி இருக்கே, ஏன்?"

"மன்னிக்கணும், அப்ப குழந்தை பொறந்து..."

"நிறுத்து. எதுக்கு மன்னிப்பு? குழந்தை பொறந்துச்சின்னு சொல்லு, அடுத்ததுக்குப் போ."

திரும்பி வரும்போது வழியெல்லாம் பதில் சொல்லிப் பார்த்தேன். இடைவெளிக்குக் காரணம்: ரிஸ்வானா, மூன்று கிலோ நூறு கிராம். பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

27 மார்ச், வெள்ளி

விடியற்காலை வீராம்பட்டினம். கரையில் ஏற்றிப் போட்ட படகுகளின் அடியில் குனிந்து, ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் கொட்டலசு (பார்னக்கிள்) சுரண்டல். முதுகு போச்சு. படகுக்காரர் ஒருவர் பல் குச்சியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா, போட்டுக்கு சவரம் பண்றியா? அப்புடியே என் போட்டுக்கும் பண்ணிட்டுப் போ."

பண்ணிவிட்டேன். அவர் படகில்தான் நல்ல பெரிய கொட்டலசு. டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இந்தச் சின்ன உயிரி தண்ணீருக்குள்ளேயே பசை விட்டு ஒட்டிக்கொள்கிறது. நாம் செய்கிற எந்தப் பசைக்கும் ஈரம் என்றால் ஆகாது. இதன் சூட்சுமம் பிடிபட்டால் அறுவை சிகிச்சையில் தையலுக்குப் பதில் ஒட்டிவிடலாம். தையல்காரர் பெண்டாட்டி செய்கிற ஆராய்ச்சி! இந்த ஜோக்கை நேர்முகத்தில் சொல்லக் கூடாது.

28 மார்ச், சனி

கீழ்வீட்டில் ஒத்திகை. வீட்டுக்காரம்மா ரொசாலி மதாம், அறுபத்தெட்டு வயது. புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், போய்ச் சேர்ந்துவிட்டார். பென்ஷன் வருகிறது. மகள் பாரிஸ் பக்கம். கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரம், ஒன்று நம் நேரம், மற்றொன்று பாரிஸ் நேரம். மகளுக்கு போன் போட அதைப் பார்ப்பார். அவர் மட்டுமா? இந்தத் தெருவில் வெளிநாட்டில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோரும் எட்டிப் பார்த்து மணி கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் சாரம் பகுதி முழுக்க அதை நம்பித்தான் பாரிஸுக்குப் பேசுகிறது.

மதாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, பிரெஞ்சு கலந்து கேள்வி கேட்டார்.

"அலோர், நீங்க இங்க வந்துட்டா ஒங்க வீட்டுக்காரரு என்னா சாப்புடுவாரு?"

"மதாம், அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"அவங்க கேக்கலன்னா நான் கேக்கறேன். சொல்லு."

ரிசுவை விட்டுவிட்டுப் போக மாட்டேன், அது நிச்சயம். ஆனால் தெரியாத ஊரில் ஆறு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஆய்வகத்தையும் தனியாக எப்படிச் சமாளிப்பது? அவரும் வந்தால் நன்றாக இருக்கும். கடையை விட்டு வருவாரா? கேட்கவே பயம். கேட்டால் "மொதல்ல கெடைக்கட்டும்" வரும்.

29 மார்ச், ஞாயிறு

புழுக்கம். மதாம் கோயிலிலிருந்து கையில் குருத்தோலையோடு வந்தார். வந்தவுடன் முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறி, பாரிஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே நேரம் மாறுமாம். வருடா வருடம் இவர் கையால் நடக்கிற சடங்கு. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

ஆக இப்போது வித்தியாசம் மூன்றரை மணி. நாளை எனக்குப் பகல் ஒன்றரை. எழுதி வைக்கிறேன்: ஒன்றரை.

ஃபாரூக் சாயங்காலம் மதாமின் ஜன்னல் திரையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். போன மனிதர் வர வெகுநேரம். வந்ததும் பாயை விரித்தார். ரிசு, "அத்தா, அம்மா பாஸாயிடுவாங்களா?" என்று கேட்டாள். "தூங்கு" என்றார்.

30 மார்ச், திங்கள்

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொன்று ஐம்பதுக்கு மோர் மிளகாய் கேட்கக் கீழே போனேன். பாரிஸ் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது. இன்னும் நாற்பது நிமிடம்தான்! நேற்று தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன் போல. படபடப்பில் எனக்குக் கூட்டல் கழித்தல் வராது, ஊருக்கே தெரியும். மிளகாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மாடிக்கு ஓட்டம். முகம் கழுவி, நல்ல சல்வார், கண்மை. பன்னிரண்டரைக்கு லேப்டாப் முன்னால்.

'காத்திருக்கவும்' என்றது திரை. காத்திருந்தேன். பன்னிரண்டே முக்கால். ஒன்று. ஒன்று பத்து. ஒருவரும் வரவில்லை. சரி, வேறு யாருக்கோ முடிவாகிவிட்டது, எனக்குச் சொல்லக்கூட நேரமில்லை அவர்களுக்கு. அழுதேன். நன்றாகவே அழுதேன். கண்மை கன்னம் வரை.

அழுது முடித்து என்ன செய்வது? சல்வாரைக் கழற்றி வீசினேன், நைட்டி மாட்டினேன், காலையில் வாங்கி வைத்த நெத்திலியை ஆய உட்கார்ந்தேன். கால் கிலோ ஆய்ந்திருப்பேன். அறையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் ஆங்கிலத்தில், "டாக்டர் ஷாஹிதா, நாங்கள் பேசுவது கேட்கிறதா?"

லேப்டாப்பை மூட மறந்திருக்கிறேன்.

கை கழுவ நேரமில்லை. கொடியில் கிடந்த துப்பட்டாவை இழுத்துக் கழுத்து வரை சுற்றி, நைட்டியோடு போய் உட்கார்ந்தேன். கேமராவில் தலையும் தோளும்தான். கை முழுக்க மீன். மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன்.

எல்லாம் போய்விட்டது என்று ஒரு தடவை அழுதாகிவிட்டதால் பயமே இல்லை. மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"கொட்டலசு எங்கள் கடலில் இருக்கிறது. அந்தப் பசையைப் பார்க்கிற கருவி உங்களிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசைக்கு வர வேண்டும். அதற்காகத்தான்."

பேச்சு வேகத்தில் கை மேலே வந்துவிட்டது. விரலில் செதில் மின்னியது. அது என்ன என்று கேட்டார்கள். மீன், மதியச் சமையல் என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும். இடைவெளி பற்றியும் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்காமல் சொன்னேன்.

நன்றாகப் போனது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்துவிட்டு ஒரு 'சாரி' கூடச் சொல்லவில்லையே, என்ன மனிதர்கள்!

நெத்திலி வறுவல் பிரமாதம்.

31 மார்ச், செவ்வாய்

குற்றவாளி கிடைத்துவிட்டார்.

காலையில் மதாமிடம் மகள் போனில் ஒரே கத்தல். ஏழு மணி என்று நினைத்து இவர் கூப்பிட, அங்கே ஆறுதான். மதாம் கடிகாரத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடிகாரம் ஒரு மணி முந்துகிறது. அப்படியென்றால் நேற்று அவர்கள் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். சீக்கிரம் போய் உட்கார்ந்தவள் நான்!

மத்தியானம் சாப்பிட வந்த ஃபாரூக் காதில் இது விழுந்தது. தட்டையே பார்த்தார்.

"நான்தான் மாத்தனேன்."

ஞாயிறு சாயங்காலம், திரை மாட்டப் போனபோது. மதாம் சமையலறையில் இருந்திருக்கிறார். இவர் ஸ்டூல் போட்டு ஏறி இன்னொரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் போவக்கூடாது, அதானே? அதுக்குத்தானே?"

நிமிர்ந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "போன்ல பாத்தேன் ஷாஹி, ஞாயித்துக்கெழம அங்க நேரம் மாறுதுன்னு. மதாம் கோயில் அலைச்சல்ல மறந்துட்டாங்கன்னா நீ ஒரு மணி நேரம் லேட்டாயிடுவ. ஒங்கிட்ட சொன்னா பயந்துக்குவியேன்னு சொல்லல."

இந்த மனிதர் கடையில் உட்கார்ந்து பிரான்சில் எப்போது நேரம் மாறும் என்று தேடிப் படித்திருக்கிறார். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிச் சந்தோஷமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சோத்தப் போடு" என்றார்.

ஒரு கடிகாரத்தை இரண்டு பேர் திருத்தியிருக்கிறார்கள். பிஎச்டி வாங்கியவள் போனில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்கு என்ன அவார்டு கொடுக்கலாம்?

9 ஏப்ரல், வியாழன்

ஒன்றும் வரவில்லை. விடைத்தாள் திருத்தம் எண்பது. ஒரு பிள்ளை கொட்டலசைத் தாவரம் என்று எழுதியிருக்கிறாள். அரை மார்க் போட்டேன், கையெழுத்துக்காக.

மின்னஞ்சல் பார்த்தது இன்று பதினேழு முறை.

21 ஏப்ரல், செவ்வாய்

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டு வருடம். செப்டம்பரில் ஆரம்பம். கல்லூரி வராந்தாவில் நின்று படித்தேன், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மாணவிகள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். மயக்கமில்லை பிள்ளைகளா, மகிழ்ச்சி என்றேன். பேராசிரியை போனில் கத்திய கத்தலில் காது அடைத்துக்கொண்டது.

ஃபாரூக் ரிசுவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். இரண்டு பேரும் சேர்ந்து என்னையும் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பலகாரத்தின் வேலை.

22 ஏப்ரல், புதன்

படிவம் வந்திருக்கிறது. 'உடன் வரும் குடும்பத்தினர்.' குழந்தை: ஆம். துணைவர்: ஆம், இல்லை, இரண்டு கட்டம். சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

அவரிடம் காட்டினேன். படித்தார். "ம்." அவ்வளவுதான். இப்போது 'மொதல்ல கெடைக்கட்டும்' சொல்ல முடியாதே, அதனால் ம்.

மதாமிடம் புலம்பினேன். அவர் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்றுவிடும் போலிருந்தது. "இந்தத் தெருவுல பொண்ணுங்க பிரான்சுக்குப் போவணும்னா பிரெஞ்சு நேஷனாலித்தே இருக்கற மாப்பிளயா பாத்துக் கட்டிக்குவாங்க. நானும் அப்புடித்தான் போனேன். மாப்பிளயக் கூட்டிக்கினு போறவ நீதான்டி மொதல் ஆளு. அவனுக்குப் பழக ஒரு நாலு நாளாவது குடு."

நான்கு நாள் இல்லை, மூன்றுதான். அவரை வற்புறுத்த மாட்டேன். பதினெட்டு வருடமாக ஒற்றை ஆளாக வளர்த்த கடை. நானே கேட்டு அவர் சரி என்றால் அது எனக்காக என்று ஆகிவிடும். அவராக வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

25 ஏப்ரல், சனி

வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இன்று கேட்டுவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் வசனம்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே எதிர்க்கடை டெய்லர் செல்வம். இரண்டு பேருக்கும் நடுவில் மேசையில் அளவு நோட்டு. கடைக்கு வருகிற ஒவ்வொருவரின் தோளும் இடுப்பும் கை நீளமும் அதில்தான். ஒரு தையல்காரருக்கு அதுதான் கடை, மெஷின்கூட அப்புறம்தான். என்னையே தொட விட்டதில்லை. அதை இவர் பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இவரு ஸ்கூல் வாத்தியாரு. எடது தோளு அரை இஞ்சு எறக்கம். சொன்னா கோச்சிக்குவாரு, சொல்லாம தெச்சிடு. இவருக்கு வயிறு மாசத்துக்கு மாசம் மாறும், ஓரத்துல துணி வுட்டு வையி."

"எல்லாத்தையும் எங்கிட்ட குடுக்கறியே, நீ என்னா பண்ணப் போற?"

"ரெண்டு வருசம் வெளிநாடு. எம்பொண்டாட்டி சயின்டிஸ்ட்டுடா, அவார்டு வாங்கியிருக்கா. அவ லேபுக்குப் போய்ட்டா புள்ளைக்குத் தல பின்ன ஆளு வேணாமா?"

உள்ளே போகவில்லை. சாப்பாட்டுக் கூடையைத் தரையில் வைத்துவிட்டு, வெயிலில் நின்றபடியே போனில் படிவத்தைத் திறந்தேன். கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. துணைவர்: ஆம். பெயர்: ஃபாரூக். தொழில்: தையல்காரர். அனுப்பு.