சத்துநீரில் ஒரு நாள்

அன்பு மகளுக்கு,

மன்னிப்புக் கேட்டால் சித்தூர் பால்பவுடர் கம்பெனியில் என்னை மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம் என்று எழுதியிருந்தாய். கேட்கமாட்டேன்.

அங்கே பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடம் சோதனைத் தட்டு கழுவிக்கொண்டே கற்றது இது. பாலைப் பவுடராக்கும் சூட்டில் அரை உயிராய்க் கிடக்கும் கிருமியை முதலில் வெறும் சத்துநீரில் ஒரு நாள் தேற்றவேண்டும். நேராக, மற்ற கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த வளர்ப்புக் கரைசலில் போட்டால் அது முளைக்காது; பவுடர் சுத்தம் என்று தோன்றும். புது ஆபீசர் நேராகத்தான் போட்டார்.

"எம்.எஸ்சி. படிச்சவன் நானா, நீயா பெரியவரே? லாரி காத்துக்கினு கீது!"

நான் தேற்றிப் போட்ட தட்டில் கிருமி முளைத்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு என்னையும் வெளியே அனுப்பினார்.

அலுத்துவிட்டது, அம்மா. அந்தப் பவுடர் டின்கள் உன் மஸ்கட்டுக்குத்தான் வருகின்றன. குழந்தைக்குக் கலக்காதே. அக்கம்பக்கத்துத் தாய்மார்களிடமும் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரையே சொல்.

உன் நைனா