அரிதட்டின் கீழ் அந்துப்பூச்சி

இன்று காலை நிலவறையிலிருந்து உன் வீட்டு அரிதட்டை எடுத்தேன். கம்பி வலையில் பழைய இலைத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. முகர்ந்தபோது நனைந்த தேயிலை மணம். உடனே நீ நினைவில் வந்துவிட்டாய்.

ஊரில் போர் முடிந்த அந்த வைகாசியில் என் தம்பி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. "முடிஞ்சது முடிஞ்சுபோச்சு" என்று ஆறுதல் சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, டென்மார்க்கின் வைலே நகரில் நம் குடியிருப்பு முற்றத்தில் பூத்து நின்ற கஸ்தானிய என்ற செஸ்நட் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் அதுவும் காய்ந்து பழுப்பாயிற்று. நோய் மரம், வெட்டிவிடலாம் என்றார் குடியிருப்புச் சபைத் தலைவர். அன்றுதான் அதே குடியிருப்பில் வசித்த நீ என் கதவைத் தட்டினாய்.

"அண்ணை, விவசாயம் படிச்சனீங்கள். உது சாகிற மரமோ?"

"போடா. என்ர படிப்பு இஞ்ச வெறும் காகிதம்."

"நான் காகிதத்தைக் கேக்கேல்லை, மரத்தைத்தான் கேட்டனான்."

முற்றத்துக்கு இறங்கி இலையொன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். இரு தோல்களுக்கும் நடுவே புழுக்கள் குடைந்த அறைகள். தெற்கிலிருந்து பரவி வந்த அந்துப்பூச்சியின் வேலை. மரத்தை வாட்டும், கொல்லாது. சில அறைகளில் புழு செத்துக் கிடக்க, அதைத் தின்று வளர்ந்த சிறு குளவியின் கூட்டுப்புழு பக்கத்தில் இருந்தது. பூச்சியும் அதன் பகையும் ஒரே சருகில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சருகை எரித்தால் இரண்டும் போகும். பீப்பாயில் அடைத்து நுண்ணிய வலையால் மூடினால், குளவி நுழைந்து வெளியேறும், பூச்சி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சபைக் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். அந்தக் குளவியின் டேனிஷ் பெயரில் 'ஸ்னுல்ட' என்று வரும், ஒட்டி உறிஞ்சுவது என்று பொருள். 'ஸ்னுல்டர்' என்றால் பிறர் உழைப்பில் வாழ்பவன். அதே தலைவர் சலவை அறையில் எங்கள் காதுபட எங்களைச் சொன்ன சொல். என் நாக்கு எழவில்லை. நீ எழுந்தாய். "ஓம், ஸ்னுல்டர்தான். பயப்படாதேயுங்கோ, இவை மரத்தைக் காப்பாத்துற ஸ்னுல்டர்" என்று உன் உடைந்த டேனிஷில் சொன்னாய். கிழவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் முகம் சிவந்து, ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் சொன்னாய்: "அண்ணை, நீங்கள் சிரிச்சனீங்கள்."

"இல்லை."

"நான் பாத்தனான்."

பீப்பாயின் வாயை மூட நீ வீட்டு அரிதட்டைக் கொண்டுவந்திருந்தாய். வசந்தத்தில் உன் மனைவி படிக்கட்டில் நின்று கத்தினாள்: "என்ர அரிதட்டு எங்கை? இடியப்பத்துக்கு மா அரிக்கவேணும்!"

"குளவியள் போய் முடியட்டும், தாறன்" என்றாய்.

"அதிலை இனி ஆர் அரிப்பினம்? நீங்களே வைச்சிருங்கோ!"

நாம் குனிந்து பார்த்தோம். வலைக் கண்களினூடே குளவிகள் கரும்புள்ளிகளாய் ஒவ்வொன்றாக ஏறிப் பறந்தன. அடியில் செம்பழுப்புப் பூச்சிகள் முட்டிக்கொண்டிருந்தன. தம்பியைப் பற்றி நீ அன்றும் எதுவும் கேட்கவில்லை. அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல நினைத்திருந்தேன்.

மரம் இன்னும் நிற்கிறது. ஆவணியில் இன்னும் பழுப்பாகிறது, முன்னைப்போல் முழுதாக அல்ல. அந்தத் தலைவருக்கு நான் இன்னும் வணக்கம் சொல்வதில்லை. நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் இலையுதிர்காலத்தில் தனியாகத்தான் சருகு கூட்டினேன்.

இன்று பீப்பாயை மூடிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"ஸ்னுல்டர்" என்றேன். நாக்கு இடறவில்லை. இந்த முறை நான் சிரித்ததை அவள் பார்த்தாள்.