வெட்டி ஊன்றிய கண்டல்

2024 ஓகஸ்ட் 6

நாளை மறுநாள் மானிய உத்தியோகத்தர் வருகிறார். கைவிட்ட இறால் தொட்டிகளில் கண்டல் மரக்கன்று நட்டு வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியம். முதல் தவணையில் வீட்டுக் கூரையை மாற்றினேன். கன்றுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடலோரக் களப்புத் தண்ணீர் வந்து போக வரம்பை வெட்டிவிடச் சொன்னார்கள். இன்று, நாளை என்று விட்டேன். தேங்கிய தண்ணீரில் எல்லாம் அழுகிவிட்டன.

ஓகஸ்ட் 7

கூடப் பிறந்த ஜெமீல் நானா வந்தார். "களப்போரத்துல கண்டல் நிறைய ஈக்கிதானே. கொப்ப வெட்டி ஊண்டினா ரெண்டு மூணு நாளைக்குப் பச்சையா நிக்கும்." வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கத்தியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஓகஸ்ட் 8

மானிய உத்தியோகத்தர் நிஷாந்தினி மிஸ் வரம்பில் நின்றே பார்த்தார். "நல்லா வளர்த்திருக்கிறீங்க பஹ்மிதா" என்றார். சிரித்தேன்.

பிறகு பக்கத்துத் தொட்டி, ஊரில் எனக்கு அக்கா முறையான ஸஹ்றா ராத்தாவுடையது. எல்லாம் உயிருள்ள கன்றுகள், ஆனால் முழங்கால் உயரம்கூட இல்லை. "ரெண்டு பேரும் ஒண்டாத்தானே நட்டீங்க? உங்கட ஏன் இப்படி?" அவருடைய இரண்டாம் தவணையை நிறுத்திவைத்துவிட்டார்கள். என்னால்.

ஓகஸ்ட் 9

ஜும்ஆ நாள். தொழுதேன். மனம் தொட்டியில் நின்றது.

ஓகஸ்ட் 14

மிஸ் முந்தல் ஊர்ப் பக்கத்துத் தொட்டிக்காரர்களை வான் வண்டியில் கூட்டி வந்தார் — என் தொட்டியைக் காட்ட! இலையெல்லாம் கருகித் தொங்கின. "ஏதும் நோயோ?" என்று கேட்டார்.

ஸஹ்றா ராத்தா சேற்றில் இறங்கி ஒன்றைப் பிடித்தார். கையோடு வந்தது. கத்தி பட்ட அடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதே குழியில் திரும்ப ஊன்றிவிட்டு, "தண்ணி ஓடாம நிக்கிது மிஸ், அதுதான் வாடுது" என்றார்.

யா அல்லாஹ். அவ கத்தியிருந்தாத் தாங்கியிருப்பேன். என்னை ஏன் காப்பாத்தணும்?

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அத்தன ஆம்புளைகளுக்கு முன்னால உங்கள வெக்கப்படுத்தி நான் என்னத்தக் காண?" என்றார். கதவைச் சாத்தும்போது, "சொல்ல வேண்டியது நானில்ல" என்றார்.

ஓகஸ்ட் 15

"பைத்தியமா உனக்கு?" என்றார் நானா. இருந்தும் மிஸ்ஸின் கந்தோருக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

மிஸ் பேனையை மேசையில் வைத்தார். "நானும் இறங்கிப் பார்த்திருக்க வேணும்" என்றார். பிறகு: "உங்கட மானியம் இனி இல்ல. எடுத்ததையும் திருப்பிக் கட்டவேணும்."

"ஓம் மிஸ். ராத்தாட தொட்டிய மட்டும் இன்னொருக்காப் பாருங்க."

ஓகஸ்ட் 27

ராத்தாவுக்கு மானியம் சரிவந்துவிட்டதாம். நான் நுழைந்ததும் கடையில் இருந்தவர்களின் கதை நின்றது. பாண் வாங்காமல் திரும்பினேன்.

செப்டம்பர் 3

மானியக் காசைத் திருப்பிக் கட்டக் காதுத் தோட்டை விற்றேன். உம்மா போட்டுவிட்டது. உம்மா இதையெல்லாம் பார்க்காமல் மவுத்தாகிப் போனதும் நல்லதுதானோ? — சீ, என்ன எழுதுகிறேன்.

செப்டம்பர் 22

பாதையில் ஸஹ்றா ராத்தா எதிரே வந்தார். ஸலாம் சொன்னேன். முகம் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டு நடந்தவர், கொஞ்சதூரம் போய் நின்றார்.

"நாளைக்குக் களப்புல நடுறதுக்குக் கண்டல் காய் பொறுக்கப் போறேன். சாக்கு ஈந்தாக் கொண்டு வாங்க."

வீட்டில் வெறும் சாக்கு இல்லை. அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு, சாக்கை உதறி மடித்து வாசற்படியில் வைத்திருக்கிறேன்.