முப்பத்தோரு முதல் தலைப்புகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் வேறு கருத்து வைத்திருக்கிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாயிருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன்.

குடியிருப்போர் சங்கத்தின் இணையப் பக்கத்தை நீ சொன்னபடி திருத்திவிட்டேன். போன வருஷம் அதை உண்டாக்கியபோது, முப்பது வருஷம் ஆபீஸில் டைப் அடித்த பழக்கத்தில், தலைப்பென்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி அடிக்கோடு போட்டுவிட்டேன். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அம்மாவுக்கு மட்டும் அது உதவவில்லை. பார்வை போன பிறகு, ஃபோன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தானே அவள் சங்கச் செயலாளர் வேலையைப் பார்க்கிறாள். அந்த ஃபோனுக்கு என் பக்கம் முழுவதும் தலையும் காலும் இல்லாத ஒரே வரி. தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி வேண்டுமென்றால் லிஃப்ட், குப்பை, பார்க்கிங், தலைவரின் வாழ்த்துரை எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். வாழ்த்துரை மட்டும் நாலு நிமிஷம். அதனால் நானே வேண்டியதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "பெருசா எழுதிட்டா தலைப்பு ஆயிடுமாப்பா? அது உங்க கண்ணுக்குத்தான் தலைப்பு, அம்மா ஃபோனுக்கு அடையாளம் போட்டுச் சொல்லணும்" என்று நீ சொன்ன பிறகுதான் உறைத்தது. தலைப்புக்கு ஹெடிங், வழிகாட்டும் பட்டியலுக்கு நேவ், நடு விஷயத்துக்கு மெயின், ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஆர்ட்டிகிள், அடியில் இருப்பதற்கு ஃபூட்டர் என்று உட்கார்ந்து போட்டேன். ஒவ்வொன்றும் தான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. கமிட்டி உறுப்பினர்களிடம் நான் காணாத குணம்.

தலைப்புகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை படிநிலை உண்டென்று கமிட்டியில் விளக்கியதுதான் நான் செய்த தப்பு. "அப்ப என் வாழ்த்துரை மூணாம் நம்பரா?" என்று தலைவர் முகம் சிவந்தார். அவருக்கு முதல் நிலை போட்டதும் மற்றவர்களுக்கும் போட வேண்டியதாயிற்று. சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு அறிவிப்புகளும் முதல் நிலை; படியில் செருப்பு விடாதீர்கள் என்பது உட்பட. ஒவ்வொன்றையும் ஃபோன் முதல் நிலை என்றே சொல்வதை அம்மா பத்துவரை கேட்டுவிட்டு, "ஏங்க, இந்தக் கட்டடத்துல ரெண்டாவது ஆளே கிடையாதா?" என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பக்கத்தின் பெயருக்கு மட்டும் முதல் நிலை வைத்து, மற்றவற்றை அதனதன் இடத்தில் இறக்கினேன். தலைவருடைய வாழ்த்துரைத் தலைப்பு கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும்படி விட்டேன். பார்த்துவிட்டுப் பூரித்துப் போனார்.

இனி, நான் சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை அம்மா தலைப்பு தலைப்பாகத் தாவிக்கொண்டே போய், பொதுக்குழுவுக்கு வந்த தீர்மானங்கள் என்ற இடத்தில் நின்றாள். பார்வை இல்லாதவர் செயலாளராக இருப்பது சங்க வேலைக்கு இடைஞ்சல், வேறு ஆளைப் போட வேண்டும் என்று மூன்றாம் மாடிப் பல் டாக்டர் தலைவரிடம் கொடுத்த தீர்மானம் அங்கே இருந்தது. ஒரு மாதம் முன்னால் அதைப் பக்கத்தில் ஏற்றியவன் நான்தான். டாக்டரிடம் பேசி வாபஸ் வாங்க வைத்துவிடலாம் என்று நினைத்து, அவளுக்குப் படிக்கும்போதெல்லாம் தாண்டிப் போனேன். டாக்டரிடம் பேசவும் இல்லை. மாடிப்படியில் பார்த்தால் பல்லைப் பற்றி விசாரித்துவிட்டு வந்துவிடுவேன். "எத்தன தடவ தாண்டுனீங்க?" என்றாள். நாலு என்றேன். "சரி, இனிமே நானே படிச்சுக்கறேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. தீர்மானங்களைச் சபையில் வாசிப்பது செயலாளர் வேலை. காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு தன்னை நீக்கும் தீர்மானத்தைத் தானே, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். நடுவில் யாரோ லிஃப்ட் பற்றிப் போன கூட்டத்தில் என்ன முடிவென்று கேட்க, தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் இவள் தேதியோடு சொல்லிவிட்டாள். டாக்டர் எழுந்து, "நான் வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்" என்றார். "வேண்டாம் டாக்டர், ஓட்டுக்கே விடுவோம். நாளைக்கு மறுபடி யாரும் கேக்கக் கூடாதில்ல" என்றாள். கை தூக்கச் சொன்னார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க எண்ணிச் சொல்லுங்க. ஒண்ணையும் தாண்டாம" என்றாள். உரக்க எண்ணினேன். தீர்மானத்துக்கு ஒன்பது, எதிராக இருபத்தாறு. ஒன்பதில் ஒன்று தலைவருடையது, அதையும் சொன்னேன்.

போன மாதம் உனக்குக் காய்ச்சல் வந்ததை மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் கவலைப்படுவோம் என்று மறைத்தாயாம். இந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறாள், சந்தேகம் ஒருவர்மேல்தான். இனி எங்களுக்கு முழுசாகவே எழுது, நாங்கள் தாங்குவோம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீடூழி இருக்க எங்கள் ஆசிகள். மறக்கக் கூடாத ஒன்று: உன் கம்பெனிப் பக்கத்தை அம்மா நேற்று கேட்டுப் பார்த்தாள். தகவல் அனுப்பும் பொத்தானை அவள் ஃபோன் பொத்தான் என்றே ஒப்புக்கொள்ளவில்லையாம். இந்த வாரமே கவனி, அடுத்த ஞாயிறு மறுபடி கேட்கப் போகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(அம்மா முழுக்கக் கேட்டு ஒப்புதல் தந்தது)