சர்பத் பாட்டிலில் அப்பா போட்ட ஒயின்

அன்பு மகள் சுசித்ராவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. நைட் டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. தக்காளி இந்த முறை பரவாயில்லை, பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அப்பாவே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறார். போனில் பேசினால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

மங்களூர் சம்பந்தி வீட்டுக் கல்யாண விருந்தில் எல்லோரும் ஒயின் கிளாஸைத் தூக்கி வாழ்த்துவது வழக்கம் என்று நீ சொன்ன அன்றைக்கே மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். நீ நர்சிங் சேர்ந்த வருஷம் குடியை விட்ட மனுஷன் உன் அப்பா, அந்த வாசனை மறுபடி வீட்டுக்குள் வரலாமா? கடைச் சரக்கு என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், நானே போட்டுத் தரேன் மாதம்மா, எம் பொண்ணு கண்ணாலத்துக்கு எங் கையால, என்றாரே பார்க்கலாம்! எனக்குத் தூக்கமே போச்சு.

பன்னீர் திராட்சை வாங்கிவந்து, கழுவித் துடைத்து, ஊறுகாய் ஜாடியில் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்துப் பிசைந்து, துணியால் வேடு கட்டி வைத்தார். ருசி பார்க்கும் வேலை எனக்கு. கரண்டியை என் வாயில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார், புளிக்குதுங்க என்றால் இன்னும் கிடக்கட்டும் என்பார். விரலில் பட்டதைக்கூட உடனே போய்க் கழுவிவிடுவார், கதவிடுக்கில் நின்று பார்த்தேன், எனக்கும்தான் மனசு கேட்கவில்லையே. வடிகட்டித் தெளிந்ததும் காரிமங்கலம் சந்தைக்குப் போய் ஒயினுக்கு பாட்டில் வேணும் என்று கேட்டிருக்கிறார். நம் பக்கம் ஒயின் என்றால் டாஸ்மாக் தானே, பக்கத்து வீட்டு மாதேஷ் அதைக் கேட்டுவிட்டு ஓடிவந்து, அக்கா, அண்ணன் திரும்ப ஆரம்பிச்சிட்டாருங்க, மூட்டை நெறைய பாட்டிலுங்க, என்றான். பயந்த மனசு எங்கே யோசிக்கிறது? பஸ் இறங்கி வந்தவரைத் தெருவிலேயே நிறுத்திக் கத்தினேன். அவர் மூட்டையை அவிழ்த்துக் காட்டினார், அத்தனையும் நன்னாரி சர்பத் பாட்டில், லேபிள்கூடக் கிழியவில்லை. சாராயம் இருந்த பாட்டில்ல ஊத்தி எம் புள்ளை முன்னால வெப்பனா, என்று மட்டும் கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்டி.

வெந்நீரில் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, கழுத்துவரை ஊற்றித் தக்கை அடித்து, கோயில் மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி வாயை அடைத்தார். கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறார், தை வரைக்கும் அசையாமல் கிடந்தால் காரம் அடங்கிவிடுமாம். நிறத்தைப் பார்க்கணுமே, நாவல்பழம் தோற்றுப்போகும்! அதே கட்டில் மேல் படுத்து நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எப்பேர்ப்பட்ட மனுஷன்டி உன் அப்பா.

நேற்று மெதுவாக, என் கிளாஸ்ல மட்டும் திராட்சை ஜூஸ் ஊத்தச் சொல்லு, கலர் ஒண்ணுதான், சம்பந்திக்குத் தெரியாது, பாப்பாவுக்குத் தலைகுனிவு வேணாம், என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஜூஸ் எதுக்குங்க, மோர் ஊத்திக்குங்க, வெள்ளையாத் தெரியட்டும், என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மாதா உனக்கும் மாப்பிள்ளைக்கும் எப்போதும் துணையிருக்கட்டும். சம்பந்தி வீட்டாரிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு, மறந்துவிடாதே: எல்லோர் கிளாஸிலும் இருப்பது எங்க அப்பா போட்ட ஒயின், மோர் கிளாஸைத் தூக்குகிறவர்தான் எங்க அப்பா என்று.

முத்தங்களுடன்,
உன் அம்மா மாதம்மாள் சவுரியப்பன்