‘தண்ணி’ என்றால் தண்ணீரே: மாதா தோட்டச் சந்தின் கணினிப் பதிவுகள் குறித்துப் புகார்

அனுப்புநர்
அ. ஓஸ்வால்ட் ஞானாதிக்கம், பி.ஏ., எல்எல்.பி.,
வழக்கறிஞர் மற்றும் நோட்டரி,
மாதா தோட்டச் சந்து, காக்ஸ் டவுன்,
பெங்களூர்.

பெறுநர்
மண்டலச் சுகாதார அலுவலர் அவர்கள்,
பெங்களூர்.

பொருள்: குடிநீரால் வந்த நோயை மதுவால் வந்ததாகக் கணினியில் பதிந்தது – பதிவுகளை அழிக்காமல் திருத்தவும், குழாய் நீரை உடனே சோதிக்கவும், மாற்று நீர் வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை எழுதும் நான் இந்நகர நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழக்காடி வருபவன். மாதா தோட்டச் சந்தின் முனை வீட்டில் குடியிருக்கிறேன். என் வீட்டில் போர்வெல் உண்டு. கீழே சொல்லப்படும் குழாய் நீரை நான் குடிப்பதில்லை, எனக்கு நோயும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நான் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும், சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

2. தங்கள் அலுவலகத்திற்குக் கன்னடத்தில் எழுதுவதே வழக்கம் என்பதை அறிவேன். ஆனால் இப்புகார் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியது. ஆகவே மூலத்தைத் தமிழில் எழுதி, கன்னட மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். இரண்டுக்கும் வேறுபாடு தோன்றினால் தமிழ் மூலத்தையே கொள்ள வேண்டுகிறேன்.

3. சென்ற ஆண்டு எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் தாங்கள் ஒரு கணினிப் பதிவு மையத்தைத் திறந்து வைத்தீர்கள். மக்கள் அதைக் கம்ப்யூட்டர் கவுண்டர் என்கிறார்கள். நோயுற்றவரோ அவர் வீட்டாரோ நோயையும் அதற்குத் தாம் நினைக்கும் காரணத்தையும் அங்கே சொன்னால், ஊழியர் கணினியில் ஏற்றுவார். காரணம் ‘அசுத்தக் குடிநீர்’ என்றால் அப்போதே குடிநீர்ப் பொறியாளரின் மொபைலுக்குச் செய்தி போகும். மறுநாளைக்குள் அவர் நீரைச் சோதித்து முடிவைப் பதிந்தாக வேண்டும். ஒவ்வொரு தெருவின் பதிவுகளையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். திறப்பு விழாவில் தாங்கள் இதை விளக்கியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல ஏற்பாடு என்றே எண்ணினேன். நல்ல ஏற்பாடு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது என் தொழில் தந்த பழக்கம்.

4. கடந்த ஜூன் மாதம் கேபிள் பதிப்பதற்காக எங்கள் சந்தை நீளவாக்கில் தோண்டினார்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் வெளியே தெரிந்ததை நான் கண்டேன். குழாய் உடைந்ததைக் காணவில்லை. பள்ளத்தை மூடிய சில நாட்களில் தெருக்குழாய் நீர் நாறுவதாகப் பெண்கள் சொல்லக் கேட்டேன்.

5. அச்சந்தில் குடியிருக்கும் பச்சைமுத்து, மர டிப்போவில் சுமை ஏற்றுபவர். ஜூலையில் அவருக்கு வாந்தியும் மஞ்சள் காமாலையும் கண்டன. அவருடைய மனைவி பாகீரதி, நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி, கவுண்டருக்குச் சென்றார். அங்கே இருந்தவர் திரு. சுனில். கன்னடம் தம் தாய்மொழி என்றும், தமிழைச் சினிமா பார்த்துக் கற்றதாகவும் அவரே சொல்கிறார். நான் உடன் இல்லை. பாகீரதி சொன்னதும் சுனில் என்னிடம் மறுக்காததுமான பேச்சை அப்படியே தருகிறேன்.

“புருஷனுக்கு ஏன் ஆச்சம்மா?” என்று, ‘என்ன’ என்பதற்குக் கன்னட ‘ஏனு’வைப் போட்டு அவர் கேட்டிருக்கிறார். “தண்ணி குடிச்சாரு சார், அதுலருந்து ஒரே வாந்தி” என்று இவர். “எவ்ளோ குடிச்சாரு?” “ரெண்டு சொம்பு.” “ரெண்டு சொம்பா! தினா குடிப்பாரா?” “தெனம் குடிக்காம எப்பிடி சார் இருக்கிறது?” “காலைல கூடவா?” “எழுந்ததும் வெறும் வயித்துல, அதான் மொதல்ல.” “நீ வேணாம்னு சொல்றதில்லியா?” “நான்தானே சார் மொண்டு குடுக்கிறேன்.” “அய்யோ ராமா, நீயும் குடிப்பியா?” “குடிக்கிறேன் சார். வயித்துல புள்ளை கீதே, ஜாஸ்தி வேண்டிக்கீது.” சுனில் தலையில் அடித்துக்கொண்டு, “பாப்பா பாவம் அம்மா” என்றாராம். தன் பிள்ளைக்காக ஓர் அரசு ஊழியர் இவ்வளவு வருந்துகிறாரே என்று பாகீரதி கண் கலங்கி வந்திருக்கிறார்.

6. கணினியில் ஏறியது: ‘காரணம்: மது. அளவு: மிகை.’ கவுண்டரில் அதை அச்சிட்டுத் தந்த சீட்டோடு பச்சைமுத்து அரசு மருத்துவமனைக்குப் போனார். சீட்டைப் பார்த்த மருத்துவர் எந்த நீரைக் குடித்தார் என்று கேட்கவில்லை. குடியை விடச் சொல்லி அனுப்பினார். பச்சைமுத்து குடிக்காதவர் என்று நான் உறுதிமொழி தர இயலாது; ஒரு மனிதன் நாள் முழுதும் என் பார்வையில் இருப்பதில்லை. அவர் குடித்து நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்வேன். அடுத்த வாரம் தங்கள் துறையின் வேன் சந்துக்கு வந்து மதுவிலக்கு முகாம் நடத்தியது. தெருக்குழாயின் முன்னால் குடத்தோடு நின்ற பெண்களுக்குக் கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டினார்கள். அதே குழாயில் முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டார்கள். அன்று முதல் பச்சைமுத்துவுக்குச் சந்தில் ‘ரெண்டு சொம்பு’ என்று பெயர். “இன்னா ரெண்டு சொம்பு, இன்னிக்கு மூணா?” என்று டிப்போ வாசலில் கேட்கிறார்கள். முதலில் நானும் சிரித்தேன்.

7. சிரிப்பு நின்றது இப்படி. சந்தில் குடியிருக்கும் ஆசிரியை திருமதி பிரிஜெட் தன் மகள் ஆஞ்சலாவின் வாந்தியைக் கவுண்டரில் பதிந்திருந்தார். பதிவுக்கு என்ன நடவடிக்கை என்று பார்க்க ஒரு பிரவுசிங் சென்டரில் எங்கள் தெருவின் பக்கத்தைத் திறந்தார். அதை அச்செடுத்து என் மேசையில் வைத்து, “ஓஸ்வால்ட் அங்கிள், என் பொண்ணு நாலு வயசுல குடிகாரியாம், கம்ப்யூட்டர் சொல்லுது” என்றார். பார்த்தேன். எங்கள் சந்தின் வாந்தி, காமாலைப் பதிவுகள் அனைத்திற்கும் காரணம் ‘மது’. பிரிஜெட் பதிவின்போது ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ என்றே சொன்னதாக உறுதி கூறுகிறார். ஆகவே, பச்சைமுத்துவின் பதிவுக்குக் காது காரணமாகலாம். ஆஞ்சலாவின் பதிவுக்குக் காது காரணமாக முடியாது.

8. சுனிலை நேரில் கண்டு விசாரித்தேன். ஒரே தெருவிலிருந்து அடுத்த புகார் வந்தால் முந்திய காரணத்தைக் கணினி தானே நிரப்பி வைக்கிறதாம்; அவர் ஆம் என்று விசையை அழுத்தியிருக்கிறார். குழந்தை என்று தெரிந்துமா என்று கேட்டேன். தயங்கிச் சொன்னார்: “வாட்டர் பட்டன் ஒத்தினா இஞ்சினியர் சாருக்கு மெசேஜ் போவுது சார். அவர் உடனே எனக்குப் போன் பண்றார். ‘ஏனப்பா, ஊரெல்லாம் என் தலைமேலயே போடுறியா?’ அப்டீன்றார். மது ஒத்தினா யாரும் போன் பண்றதில்லை.” இவர் பொய் சொல்பவராக எனக்குத் தோன்றவில்லை. பொறியாளர் தடுத்தார் என்று நான் குற்றம் சாட்டவுமில்லை. அவர் தரப்பை நான் கேட்டதில்லை. ஆயினும் நீர் என்றால் ஒருவருக்கு வேலை, மது என்றால் ஒருவருக்கும் வேலையில்லை என்னும் நிலையில், எந்த விசை தேயும் என்று சந்தேகிக்க எனக்குக் காரணம் உண்டு. இச்சந்து மட்டும்தானா என்றும் சந்தேகிக்கிறேன்.

9. கணினியை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை அல்ல. மூடிய கோப்பில் இப்பிழை நடந்திருந்தால் பிரிஜெட் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. எல்லாரும் பார்க்கலாம் என்று தாங்கள் வைத்த அந்தத் திரையால்தான் இந்த மனு உண்டாயிற்று. எனக்குள்ள அச்சம் வேறு. இம்மனு கிடைத்ததும் யாரோ ஒருவர் எங்கள் பதிவுகளை ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையே என்று பதில் எழுதக்கூடும். அழிப்பது திருத்தமாகாது. பிழை இருந்த இடத்தில் பிழையும், அதன் அருகே திருத்தமும், திருத்தியவர் பெயரும் தெரிய வேண்டும்.

10. சென்ற திங்கட்கிழமை சந்துப் பெண்கள் சேர்ந்து கவுண்டருக்குப் போனார்கள். பச்சைமுத்துவின் நோயைப் புதிதாகப் பதியக் கேட்டு, திரையைத் தங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பாகீரதி இம்முறை ‘தண்ணி’ என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. “கொழாய்ல வர்ற நீரு, கார்ப்பரேசன் நீரு, சாராயம் இல்ல, எழுதிக்கோ” என்றார். பிரிஜெட் திரையைப் படித்துச் சரி என்று சொன்ன பிறகே விசை அழுத்தப்பட்டது. செய்தி பொறியாளருக்குப் போனதைத் திரை காட்டியது. இன்றுவரை நீரைச் சோதிக்க யாரும் வரவில்லை. வேறு வழியின்றிச் சந்து முழுதும் அதே குழாயில் பிடிக்கிறது. காய்ச்சிக் குடிக்கச் சொன்னோம். மண்ணெண்ணெய் கிடைத்த வீட்டார் காய்ச்சுகிறார்கள்.

11. இன்று காலை பாகீரதிக்குக் கண் மஞ்சளித்து வாந்தி கண்டது. அரசு மகப்பேறு மருத்துவமனையில் சேர்த்தோம். கர்ப்பிணிக்குக் குடிநீரால் வரும் காமாலை தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம் என்று பணியிலிருந்த மருத்துவர் என்னிடம் சொன்னார். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிந்து கோருகிறோம்:

அ) இன்றே சந்துக்கு லாரித் தண்ணீர் அனுப்பி, தெருக்குழாயை மூட வேண்டும்.
ஆ) பொறியாளர் மட்டுமன்றித் தங்கள் அலுவலரும் குடியிருப்போர் ஒருவரும் முன்னிற்க, நீர் மாதிரி எடுத்து முத்திரையிட வேண்டும்.
இ) ‘மது’ என்ற பதிவுகளை அழிக்காமல் திருத்த வேண்டும். முந்திய காரணத்தைக் கணினி தானே நிரப்புவதை நிறுத்த வேண்டும்.
ஈ) இனி எப்பதிவையும் புகார் தருபவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே ஏற்ற வேண்டும்.

இவை தவிர இன்னொன்று உண்டு, அது நாளை வரை காத்திருக்காது. பாகீரதியின் சேர்க்கைச் சீட்டில் ‘காரணம்’ என்ற இடம் இதை எழுதும்வரை காலியாக உள்ளது. கணினியில் அவர் தெருவைப் பார்த்து மாலையில் நிரப்புவதாக எழுத்தர் சொல்கிறார். அவர் பார்க்கப்போகும் பக்கத்தில் ஒரு பதிவு நீர் என்கிறது, மற்றவை எல்லாம் மது என்கின்றன. தாங்கள் மாலைக்கு முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுகிறோம்.

இடம்: காக்ஸ் டவுன், பெங்களூர்
நாள்: 12 ஆகஸ்ட் 2004

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) அ. ஓஸ்வால்ட் ஞானாதிக்கம்

தத்தம் வீட்டுப் பதிவு குறித்து ஒப்பமிடும் சாட்சிகள்:
1. (ஒப்பம்) பிரிஜெட், ஆஞ்சலாவின் தாய்
2. (இடது பெருவிரல் ரேகை) பச்சைமுத்து, பாகீரதியின் கணவர். மனு தமிழில் படித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொண்ட பின் வைத்தது.