பென்சில் குறி போட்ட இடம்

உன் கேஸ் கட்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அவிழ்த்ததுமே நீலகிரித் தைல வாசனை. தலைவலிக்குத் தடவிய விரலோடுதான் எல்லாத் தாளையும் புரட்டுவாய். நீ போய் ஏழு மாதம் ஆகியும் வாசனை போகவில்லை. பாவி, என்னை விடமாட்டேன் என்கிறாய்.

நேற்று இதைக் கொண்டுவந்தவர், போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்து முகாமில் தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கும் அந்த அம்மா. உன் திண்டிவனம் ஆபீஸைக் காலி செய்தபோது உன் வீட்டுக்காரர் கட்டுகளை அவரவரிடம் கொடுத்துவிட்டாராம். தன் கணவருக்காக இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க விழுப்புரத்துக்கு வந்து என் வீட்டைத் தேடிப் பிடித்திருக்கிறார். சர்வதேசச் சட்டப் பேராசிரியை என்று யாரோ சொல்லி அனுப்பினார்களாம். நல்ல ஆளைத்தான் காட்டினார்கள்!

நாம் படித்த சட்டக் கல்லூரியில் நான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, காணை கிராமத்துக் கரும்புக்காட்டுப் பெண்ணுக்கு ஜெனீவா எதற்கு என்று ஊரே சிரித்தது. நீயும்தான். வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே, “திண்டிவனம் கோர்ட்ல எந்த நாடுடி வந்து கேஸ் போடப் போவுது?” என்றாய். ஆனால் என் முதல் கட்டுரை அச்சானபோது ஒலக்கூரில் உங்கள் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தவளும் நீதான். பிறகு நான் மாநாடு மாநாடாகப் பறந்தேன். “உன் சட்டம் ஏரோப்ளேன்ல போவுது, என் சட்டம் டவுன் பஸ்ல வருது” என்பாய்.

டவுன் பஸ்ஸில் வந்ததுதான் இந்தக் கேஸ். அந்த அம்மாவின் கணவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு. போனால் உயிரோடு விடமாட்டார்கள் என்று மனிதர் நடுங்கினார். ஆபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதும் விதி. ஐகோர்ட்டுக்கு மனு தயார் செய்துவிட்டு, “நீ கருத்து எழுதிக் குடுடி, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றாய். ஆறு பக்கம் எழுதினேன். கட்சிக்காரர்களுக்குச் செய்வதுபோலவே, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு என்னிடம் நீட்டினாய்.

நான் போடவில்லை. அரசுக் கல்லூரி வேலை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது. “பேர் இல்லாம வச்சிக்கயேன்” என்றேன். உனக்கு வந்ததே கோபம்! “கையெழுத்து இல்லாத காயிதத்துல மல்லாட்டதான் மடிக்கலாம். பயந்துக்கினு பாடம் எடுக்கற நீயெல்லாம்…” முடிக்காமலே கிளம்பிப் போனாய்.

மனு தள்ளுபடியானது. அவரை அனுப்பிவிட்டார்கள். போய் இறங்கியதும் ஒரு போன் வந்ததாம். அப்புறம் தகவலே இல்லை. எனக்குப் பதவி வந்தது.

“நான் போட்டிருந்தா கேஸ் நின்னிருக்குமா?” என்று ஆஸ்பத்திரியில், உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று கேட்டேன். வெட்கமில்லாமல் ஆறுதலை எதிர்பார்த்தேன். “தெரியாதுடி. அத தெரிஞ்சிக்கற வழியத்தான் நீ அடச்சிட்ட” என்றாய். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

நேற்று அந்த அம்மா கட்டிலிருந்த என் ஆறு பக்கத்தில் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பென்சில் குறியில் விரல் வைத்தார். “இதில யாரோ கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கினம். யாரெண்டு எத்தனை தரம் கேட்டும் வக்கீலம்மா சொல்லேல்ல. உங்களுக்குத் தெரியுமோ?”

அடியே, நீ சொல்லவே இல்லையா? இத்தனை வருடமும்?

“தெரியலைங்கம்மா” என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். படித்துப் பார்க்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

நீ காப்பாற்றி வைத்த பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டாம் முறையும் நழுவிவிட்டேன். இந்தத் தாள் இனி எந்தக் கோர்ட்டுக்கும் ஆகாது. இருந்தாலும் இன்று காலை பேனாவை எடுத்தேன். உன் குறியை அழிக்காமல் அதன் மேலேயே போட்டேன். முப்பது வருடமாக ஆங்கிலத்தில் கிறுக்கிப் பழகிய கை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் தமிழில், எழுத்து எழுத்தாக, என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறதுடி.